கல்லூரியில் ராகிங்: மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில் வரும் கேள்விகள் வருடா வருடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹாஸ்டல் பொறுப்பிலும் ராகிங் தடுப்புக் குழுவிலும் இருந்த காலத்தில் என்னிடம் மாணவர்கள், பெற்றோர், சில சமயம் சீனியர்களே கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

பெயர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது எல்லாம்கூட ராகிங்தானா?

பெயரும் ஊரும் கேட்பது ராகிங் இல்லை. கேட்ட விதமும் அதற்கு அடுத்து வருவதும்தான் பிரச்சினை. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மாணவருக்கு உடலிலோ மனதிலோ பாதிப்பையோ, பயத்தையோ, வெட்கத்தையோ, சங்கடத்தையோ உண்டாக்கும் நடத்தை ராகிங். கேலி செய்வதும் திட்டுவதும் அதில் அடக்கம். அந்த மாணவர் சாதாரணமாகத் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அடக்கம்.

அந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எது நடந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "முடியாது அண்ணா" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நிம்மதியாக நடந்து போக முடியுமா? முடியும் என்றால் அது பழக்கம். முடியாது என்றால், பாட்டாக இருந்தாலும் சரி, தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுப்பதாக இருந்தாலும் சரி, அது ராகிங்.

2009இல் வந்த யுஜிசி விதிகள் இன்னும் விரிவானவை. ஜூனியரை வைத்து ரெக்கார்டு நோட் எழுதி வாங்குவது, கேன்டீன் செலவை அவர் தலையில் கட்டுவது, பணம் பறிப்பது எல்லாம் அதில் வரும். 2016இல் செய்த திருத்தத்தின்படி, சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், மொழி, சொந்த ஊர், குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லித் துன்புறுத்துவதும் ராகிங்தான்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாமா புகார் கொடுப்பது?

ராகிங்கை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்ன விஷயமாகத்தான் தொடங்கும். ராத்திரி பத்தரை மணிக்கு அறைக் கதவு தட்டப்படும். "ஃபர்ஸ்ட் இயர் எல்லாம் மேல வாங்க." மூன்றாம் மாடியில் ஓர் அறை, கட்டிலில் நாலைந்து பேர், சுவரோரமாக ஜூனியர்கள் வரிசை. முதல் நாள் பெயர், ஊர், பிளஸ் டூ மார்க். "அண்ணா"ன்னு கூப்பிடாதே, "சார்"னு கூப்பிடு. தலையைக் குனிந்துகொள், மூன்றாவது பட்டனைப் பார். அவ்வளவுதான், போய்த் தூங்கு. திரும்பி வந்த பையன்கள் "பரவாயில்லடா, ஒண்ணும் பண்ணல" என்று பேசிக்கொள்வார்கள்.

அன்று நடந்தது ஒரு சோதனை. கூப்பிட்டால் வருகிறார்களா, எதிர்த்துப் பேசுபவன் யார், வார்டன் காதுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் மறுவாரம் தோப்புக்கரணம், அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்வது, அப்புறம் கை நீட்டுவது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். அதனால் "இதோடு நிறுத்து" என்று சொல்லும் இடம் அந்தப் பையனுக்குக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் ஏன் வந்தது என்பதை இன்றைய மாணவர்களில் பலர் அறியமாட்டார்கள். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, ராகிங்கின்போது ஒரு சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தக் கொலைக்குப் பிறகுதான் அரசு முதலில் அவசரச் சட்டமும், 1997இல் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2011இல்தான் ஆயுள் தண்டனையை உறுதிப்படுத்தியது. ஒரு குடும்பம் பதினான்கு வருடங்களுக்கு மேல் காத்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். முதல் வாரத்தில் வரும் புகார் பெரும்பாலும் ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும். அது இரு தரப்புக்கும் நல்லது.

"எங்க காலத்துலயும் இருந்துச்சு, கூச்சம் போகும், நட்பு வளரும்" என்கிறார்களே?

மாமா, சித்தப்பா, ஏன் சில பேராசிரியர்களே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் படிப்பை முடித்தவர்கள். பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை, அவர்கள் கதை யார் காதிலும் விழுவதும் இல்லை.

நட்பு விஷயத்துக்கு வருவோம். பயந்துகொண்டு பேசும் ஒருவன் சிரிப்பதை நட்பு என்று எடுத்துக்கொள்வது சீனியர் மட்டும்தான். கூச்சம் போக மேடை இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது, என்.எஸ்.எஸ். முகாம் இருக்கிறது.

இப்போது எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியே வாருங்கள். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு, அதாவது மெஸ், வாட்ச்மேன் அறை, வார்டன் வீடு, மெயின் கேட், எது பக்கமோ அங்கே போங்கள். வெளியே வர விடாமல் தடுத்தால் அதுவே தனிக் குற்றம். அடிபட்டிருந்தால், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், 112க்கோ 100க்கோ அழையுங்கள். கல்லூரிக்குச் சொல்லிவிட்டுத்தான் போலீசுக்குப் போக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

அடுத்தது வீடு. "அம்மா பயந்துடுவாங்க" என்று மறைக்காதீர்கள். அம்மா பயப்படுவார், அழவும் செய்வார். ஆனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து பிரின்சிபால் அறை வாசலில் நிற்பவரும் அவர்தான்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

யாரிடம் புகார் கொடுப்பது?

வார்டன், துறைத் தலைவர், பிரின்சிபால், ராகிங் தடுப்புக் குழு, இவர்களில் யாரிடம் பேச முடிகிறதோ அவரிடம். கல்லூரிக்குள் யாரையும் நம்ப முடியவில்லை என்றால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அங்கே பதிவாகும் புகார் கல்லூரிக்கும் போகும் என்பதால், "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்று நிர்வாகம் பிறகு சொல்ல முடியாது. பேசவே முடியாத நிலையில் இருந்தால் மின்னஞ்சலிலும் புகார் கொடுக்கலாம். முகவரி அந்த எண்ணோடு சேர்த்து உங்கள் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கல்லூரியின் குறை, கேளுங்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. முதுநிலை மாணவர்களுக்கும் அவை பொருந்தும். "பி.ஜி.யில் இதெல்லாம் வேலைப் பயிற்சி" என்ற சாக்கை நம்பாதீர்கள்.

புகாரில் என்ன எழுதுவது? எனக்கு அழகாக எழுத வராது.

அழகு வேண்டாம். தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், கூட யார் இருந்தார்கள். இவ்வளவுதான். இப்படி எழுதினால் போதும்:

"நான் முதலாண்டு மெக்கானிக்கல், ஹாஸ்டல் பி பிளாக்கில் தங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு சுமார் 10.45 மணிக்கு மூன்றாம் மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்து அறைக்கு என்னையும் இன்னும் மூன்று பேரையும் வரச் சொன்னார்கள். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். இருவர் பெயர் தெரியும். மற்றவர்களைப் பார்த்தால் அடையாளம் சொல்வேன். அரை மணி நேரம் முட்டி போட வைத்தார்கள். எழுந்தபோது ஒருவர் கன்னத்தில் அறைந்தார். வெளியே சொன்னால் ஹாஸ்டலில் இருக்க முடியாது என்றார்கள்."

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கெட்ட வார்த்தை சொன்னார்கள் என்றால் அந்த வார்த்தையையே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று மழுப்பினால் விசாரணையிலும் மழுங்கிவிடும். கொடுத்த புகாரின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களே? அதே ஹாஸ்டலில்தானே தூங்க வேண்டும்?

என்னிடம் வந்த கேள்விகளில் மிக நியாயமானது இது. "பயப்படாதே" என்று சொல்லிவிட்டு நகர்வது பெரியவர்கள் செய்யும் துரோகம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வகுப்பு முடிந்து பேராசிரியர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், இரவெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருப்பது மாணவர்கள் மட்டும்தான்.

அதனால் புகாரிலேயே பாதுகாப்பையும் கேட்டு எழுதுங்கள். விசாரணை முடியும்வரை அந்த மாணவர்களை வேறு பிளாக்குக்கு மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். மாற்ற வேண்டியது அவர்களை. புகார் கொடுத்தவரைப் பெட்டி தூக்க வைப்பது சரியான தீர்வே அல்ல. அடையாளத்தை ரகசியமாக வைக்கச் சொல்லுங்கள். கூட இருந்த மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தனி ஆளைக் குறிவைப்பது சுலபம், நாலு பேரை மிரட்டுவது கஷ்டம். மிரட்டல் வந்தால் அதையும் புதிய புகாராகக் கொடுங்கள்.

அவர்கள் சொன்னதையெல்லாம் நானும் செய்தேன், சிரிக்கவும் செய்தேன். இப்போது எப்படிப் புகார் சொல்வது?

தாராளமாகச் சொல்லலாம். பயத்தில் சிரிப்பது சம்மதம் ஆகாது. மறுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் தலையாட்டியது உங்கள் குற்றம் இல்லை.

புகார் வந்தால் கல்லூரி என்ன செய்தாக வேண்டும்?

தமிழ்நாட்டுச் சட்டப்படி, கல்வி நிறுவனத்தின் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். முதல் பார்வையில் உண்மை என்று தெரிந்தால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார், அவருக்கும் அதே தண்டனை உண்டு. இந்தப் பிரிவு பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் அறையின் சூழலே மாறும்.

யுஜிசி விதிகளின்படி, ராகிங்கில் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கல்லூரியே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும். உள் விசாரணை நடக்கிறது என்பதைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட முடியாது.

"பையன்கள் வாழ்க்கை வீணாயிடும், சமாதானமா போயிடுங்க" என்று பிரின்சிபாலே சொல்கிறார்.

கல்லூரியின் பெயர் பேப்பரில் வந்துவிடுமே என்ற கவலைதான் பாதி நேரம் இப்படிப் பேச வைக்கிறது. வெற்றுத் தாளிலோ, "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்ற கடிதத்திலோ அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறோம் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன 1800-180-5522 உதவி எண்ணுக்கு அழைத்து, கல்லூரி நடவடிக்கை எடுக்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மன்னிப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவர் முடிவு செய்ய வேண்டியது. நிர்வாகம் அவர் சார்பில் மன்னிக்க முடியாது.

தண்டனை என்ன?

1997 சட்டத்தில் இரண்டு ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும். நீதிமன்றம் தண்டித்தால் கல்லூரியிலிருந்து நீக்கம். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. யுஜிசி விதிகளில் உதவித்தொகை நிறுத்தம், தேர்வு எழுதத் தடை, ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றம், ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை விலக்கிவைப்பு எனப் பல படிகள் உண்டு. செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் இடம் இருக்கிறது.

நடந்ததைப் பொறுத்து வேறு சட்டங்களும் வரும். முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். அவர்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டால், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும்.

கல்லூரிக்கு வெளியே, பஸ்ஸில், வாட்ஸ்அப் குழுவில் நடந்தால்?

எல்லாம் சேரும். சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ராகிங்கைத் தடை செய்கிறது. யுஜிசி விதிகள் பேச்சு, எழுத்து, செயல் மூன்றையும் சொல்கின்றன. நள்ளிரவில் குழுவில் "இன்ட்ரோ வாய்ஸ் நோட் அனுப்பு" என்று மிரட்டினாலும் எழுத்துதானே. குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எண்கள் தெரியும்படி, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போனைப் பிடுங்கி அழித்தாலும் அங்கே இருக்கும்.

மகள் எதுவும் சொல்வதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

"ராகிங் நடக்குதா?" என்று நேராகக் கேட்டால் "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். ராத்திரி சாப்பிட்டது எத்தனை மணிக்கு, தூங்கியது எத்தனை மணிக்கு, ரெக்கார்டு யாருடையது எழுதுகிறாய் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடி வருவது, ஞாயிறு சாயங்காலம் வயிற்றுவலி, காரணம் சொல்லாமல் பணம் கேட்பது, போன் அடித்தால் பதறுவது, "டிகிரியே வேண்டாம், வேற எதாவது படிக்கிறேன்" என்பது, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சொல்லாமல் கிளம்பி ஹாஸ்டலுக்கே போய்ப் பாருங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒருமுறை அது காதில் விழுந்தால், பிறகு பிள்ளை வாயே திறக்காது.

என் ரூம்மேட்டுக்கு நடக்கிறது, எனக்கில்லை. நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். அவர் கூப்பிடப்படும்போது கூடவே போங்கள், அல்லது வார்டனுக்குப் போன் செய்யுங்கள். தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, பார்த்தவரும் கொடுக்கலாம்.

நான் சீனியர். அப்படியென்றால் ஜூனியர்களோடு பேசவே கூடாதா?

பேசுங்கள், நிறையவே பேசுங்கள். எந்த வாத்தியாரின் இன்டர்னல் மார்க் எப்படி, பழைய கேள்வித்தாள் எங்கே கிடைக்கும், மெஸ்ஸில் எந்த நாள் சாப்பாடு சுமார் என்பதெல்லாம் உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. பகலில், பொது இடத்தில், அவர்கள் எழுந்துபோக விரும்பினால் போகலாம் என்ற நிலையில் பேசுங்கள். உங்கள் செட்டில் ஒருவன் எல்லை மீறினால், "டேய் விடு, போதும்" என்று முதலில் சொல்லும் ஆளாக இருங்கள். பல இரவுகள் அந்த ஒரு குரலால் அங்கேயே முடிந்திருக்கின்றன. உங்களுக்கு முன்பு நடந்ததற்கு இந்தப் பிள்ளைகள் எந்த வகையிலும் பொறுப்பில்லை.

என் மகன் மேல் புகார் வந்திருக்கிறது.

புகார் கொடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகாதீர்கள், போன் செய்யாதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள். பாசத்தில் செய்வதுகூட மிரட்டலாகவே பார்க்கப்படும். மகனிடம் நடந்ததை முழுக்கக் கேளுங்கள். அவர் தரப்பைச் சொல்ல விசாரணையில் வாய்ப்பு உண்டு, அங்கே உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

வருடா வருடம் உறுதிமொழிப் படிவம் வாங்குகிறார்கள். அதனால் ராகிங் நின்றுவிடுமா?

மாணவரும் பெற்றோரும் தரும் அந்த உறுதிமொழி, "எனக்குத் தெரியாது" என்ற வாதத்தை அடைக்கிறது. அதற்கு மேல் காகிதம் எதையும் தடுக்காது. தடுப்பது ஆட்கள். முதலாண்டுக்குத் தனி பிளாக், எந்த நேரமும் அணுகக்கூடிய முழுநேர வார்டன், சொல்லாமல் வந்து பார்க்கும் தடுப்புப் படை, இவை விதிகளிலேயே இருக்கின்றன. முதல் மூன்று மாதங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முதலாண்டு மாணவர்களிடம் பெயர் எழுதாத கருத்துக் கணிப்பு நடத்தச் சொல்லியும் விதி இருக்கிறது. இதை ஒழுங்காக நடத்தினாலே பாதிச் சிக்கல் முன்கூட்டியே தெரிந்துவிடும். பேராசிரியர்கள் முறைவைத்து இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை ஹாஸ்டல் மாடிகளில் நடந்தால் மீதியும் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஆய்வு செய்து கையெழுத்துப் போடுவதில் பிரயோசனம் இல்லை.

கல்லூரி தேர்வு செய்யும் பெற்றோர் கட்டட உயரத்தைப் பார்ப்பதோடு இதையும் கேளுங்கள்: வார்டன் இரவில் எங்கே தங்குகிறார்? முதலாண்டு எந்த பிளாக்?

எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை, வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை.

அது இயல்புதான், ஆனால் தனியாகச் சுமக்க வேண்டாம். டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். சில வாரம் வீட்டிலிருந்து போய்வர முடியுமா, வருகைப்பதிவில் சலுகை கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். ஹாஸ்டலை மாற்றுவதும், தேவைப்பட்டால் கல்லூரியையே மாற்றுவதும் தோல்வி ஆகாது.